கோட்டும் தொப்பியுமாக ஒரு அம்மாள்

1963 அக்டோபர் 12. பம்பாயிலிருந்து ஜெனோவாவுக்குக் கப்பல்: 1,240 ரூபாய்.
1963 நவம்பர் 1. அறை வாடகை, மாதத்துக்கு: 70 மார்க்.
1965 நவம்பர் 9. மாலை வகுப்புக் கட்டணம்: 18 மார்க்.
1966 ஜூலை 21. மூன்றாம் முறை தேர்வுக் கட்டணம்: 25 மார்க்.
1967 ஜனவரி 28. லாங்கர்வேஹெ போக வர ரயில்: 4 மார்க் 40.
1967 பிப்ரவரி 18. அதே ரயில்: 4 மார்க் 40.

இந்தக் கணக்கை எழுதிவைத்த சேதுராமன் விருதுநகர்க்காரர். தகப்பனார் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதியவர். ஜெர்மனிக்குப் போய் உலோகவியல் படித்துத் திரும்பினால் ரூர்கேலா இரும்பு ஆலையில் பையனுக்கு நாற்காலி காத்திருக்கும் என்று யாரோ சொல்ல, அந்த வீடே அதை நம்பியது. பையனும் நம்பினான். ஆஹென் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு.

கணக்கு வந்தது. வரைபடம் மிக நன்றாக வந்தது. வேதியியல் மட்டும் வரவே இல்லை. அங்கே ஒரு தேர்வை மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். மூன்றாவது தடவையும் தவறினால் அந்தப் படிப்பு அவ்வளவுதான், மன்றாட இடமில்லை. 1966 ஆகஸ்டில் முடிவு வந்தது. சேதுராமன் தவறியிருந்தார். மாணவர் என்ற முறையில் அந்த நாட்டில் தங்க அவருக்கு இருந்த அனுமதி 1967 மார்ச் 31 வரை. அதற்குள் வேறு வழி பிறக்காவிட்டால் வெறுங்கையோடு விருதுநகர் ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும். எதிரில் தகப்பனார் மாலையோடு நிற்பார்.

களிமண்ணிடம் அவர் வந்து சேர்ந்தது ஒரு பிசகால். முதல் தடவை தேர்வில் தவறிய குளிர்காலத்தில், நகர நூலகத்துப் பலகையில் மாலை வகுப்புகளின் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒன்று 'டோன்' வகுப்பு. கையகல அகராதியைப் புரட்டினார். டோன் என்றால் ஒலி, சுருதி என்று போட்டிருந்தது. அடுத்த வரியையும் படித்திருக்கலாம். படிக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, விருதுநகரிலிருந்து கொண்டுவந்த மௌத் ஆர்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அங்கே ஏழு பேர் மேலங்கி கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். ஆசிரியர் ஆளுக்கொரு ஈரமண் உருண்டையை வைத்துக்கொண்டே வந்தார். சேதுராமன் மௌத் ஆர்கனை எடுத்துத் துடைத்துத் தயாராக நின்றார்.

"இது எதுக்கு?" என்றார் ஆசிரியர்.

"வாசிக்க."

"மண்ணுக்கா?"

ஜெர்மன் மொழியில் ஒலிக்கும் களிமண்ணுக்கும் ஒரே சொல்தான் என்று அன்று எட்டுப் பேர் சேர்ந்து அவருக்கு விளக்கினார்கள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்த பிறகு ஒரு பாட்டு வாசிக்கவும் சொன்னார்கள். வாசித்தார். கட்டிய பணம் திரும்பாது என்பதால் மண்ணையும் பிசைந்தார். பிசைந்த கை பிறகு நிற்கவில்லை.

மூன்றாம் முறை தவறியதை அறிந்த அதே ஆசிரியர்தான், லாங்கர்வேஹெ என்ற சிற்றூரில் ஒரு மண்பாண்டப் பட்டறை, பொம்மைகளுக்கு உருவம் பிடிக்க ஓர் ஆளைத் தேடுகிறது என்று சொன்னார். ரயிலில் அரைமணிப் பயணம். ஜனவரி 28 சனிக்கிழமை, சேதுராமன் தன் மூன்று பொம்மைகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒரு பிள்ளையார், ஒரு யானை, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண்.

பட்டறை முதலாளி ஃப்ராவ் எஸ்ஸர், அதாவது திருமதி எஸ்ஸர், நாற்பது வயதுக்காரி. கணவன் இல்லை, சுற்றி வளைத்துப் பேசும் வழக்கமும் இல்லை. பிள்ளையாரையும் யானையையும் ஓரமாக நகர்த்தினாள். குடத்துப் பெண்ணை மட்டும் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"குடத்துல தண்ணி இருக்கா, இல்லையா?"

சேதுராமன் விழித்தார். "இந்தியாவில பொம்பளைங்க இப்படித்தான்..."

"இந்தியாவைக் கேக்கல. இந்தக் குடத்தைக் கேக்கறேன். தண்ணி இருந்தா இடுப்பு இந்தப் பக்கம் ஒடியணும். இல்லைன்னா இவ்வளவு ஒடிஞ்சிருக்கக் கூடாது. இவ எங்க போறா?"

அதுவும் அவருக்குத் தெரியவில்லை. காலண்டர் படங்களில் பார்த்த பெண் அவள். எங்கும் போகிறவள் அல்ல.

"கை நல்ல கை" என்றாள் ஃப்ராவ் எஸ்ஸர். "ஆனா இது யாரோட பொம்மையும் இல்ல. பதினெட்டாம் தேதி இன்னொண்ணு கொண்டு வாங்க. அன்னிக்கு வேற ரெண்டு பேரும் வராங்க. மூணுல ஒண்ணை எடுத்துப்பேன்."

அடுத்த ஒரு வாரம் சேதுராமன் எதையெதையோ செய்து உருட்டினார். பாம்பாட்டி, வீணையோடு சரஸ்வதி, ஜல்லிக்கட்டுக் காளை. எல்லாம் ஈரம் காய்வதற்குள் மறுபடி உருண்டையாயின. ஊரை எவ்வளவு நினைக்கிறாரோ அவ்வளவு காலண்டர்தான் கையில் வந்தது. நாட்களோ ஓடிக்கொண்டிருந்தன.

அவர் குடியிருந்தது யாக்கோப் தெருவில், ஃப்ராவ் ஹூபன் என்ற அறுபத்தைந்து வயது அம்மாளின் வீட்டில், ஓர் அறையில். கணவர் டிராம் ஓட்டியவர், காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. சேதுராமன் என்ற பெயர் வாயில் நுழையாததால் ஹெர் சேது, அதாவது திரு சேது, என்றே கூப்பிடுவார். அறை சுத்தமாக இருக்க வேண்டும், படியில் ஓசை கூடாது, பெருங்காயம் தாளித்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும். இந்த மூன்றைத் தவிர அவருக்கு வேறு சட்டம் கிடையாது.

சேதுராமனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டை விட்டு இறங்கும்போது "போறேன்" என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. அது வேறு மாதிரிப் போவதற்கான சொல். "போயிட்டு வரேன்" என்போம், அல்லது "இதோ வந்துடறேன்" என்போம். சொல்லிவிட்டு மறுநாள் வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த 'இதோ வந்துடறேன்' என்பதை சேதுராமன் வந்த முதல் வாரமே ஜெர்மனாக்கி வைத்துக்கொண்டார். 'க்ளைஷ்' என்றால் இதோ, உடனே. "இஷ் கொம்மெ க்ளைஷ்." கதவைச் சாத்தும்போது மூன்று வருடமாக அவர் வாய் தானாகச் சொன்னது இதைத்தான். நூலகத்துக்குப் போனாலும் க்ளைஷ். கோடை விடுமுறையில் சர்க்கரை ஆலையில் ஆறு வாரம் வேலை பார்க்கக் கிளம்பியபோதும் க்ளைஷ்.

பிப்ரவரி ஆறு, திங்கட்கிழமை, ஊரே வேஷம் போட்டுக்கொண்டாடும் கார்னிவல் திருவிழாவின் ஊர்வலம். நாத்தனார் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் ஊர்வலம் முழுதும் தெரியும், சேர்ந்து போகலாம் என்று ஃப்ராவ் ஹூபன் முதல் நாளே அழைத்திருந்தார். சேதுராமனும் தலையை ஆட்டியிருந்தார். காலை ஒன்பதரைக்கு குருமூர்த்தி வந்து கதவைத் தட்டினான். குருமூர்த்தி கோயம்புத்தூர்ப் பையன், அதே நகரத்தில் ஆராய்ச்சி மாணவன், மாணவர் விடுதியில் இருந்தான்.

"டேய் சேது, ஊர்லேருந்து என் ட்ரங்க் வந்துடுச்சுடா. ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீஸை இன்னிக்கு பன்னெண்டுக்கே க்ளோஸ் பண்றாங்களாம். ஒரு கை பிடி வா."

சேதுராமன் காலணியை மாட்டிக்கொண்டு, சமையலறைப் பக்கம் எட்டி, "இஷ் கொம்மெ க்ளைஷ், ஃப்ராவ் ஹூபன்!" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பெட்டியை விடுதி மாடிக்கு ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் திறக்காமல் இருப்பார்களா? உள்ளே பருப்புப் பொடி, மாவடு, இருநூறு அப்பளம். குருமூர்த்தி அடுப்பைப் பற்றவைத்தான். சோறு வடித்து, அப்பளம் பொரித்து, இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். பிறகுதான் பேச்சு வந்தது.

"பொம்மை செய்யறவன்னு போயிடாதடா" என்றான் குருமூர்த்தி. "உங்க அப்பாவுக்கு என்னன்னு எழுதுவ? மை சன் இஸ் எ டாய் மேக்கர்னா?"

"மொதல்ல அந்த அம்மா எடுத்துக்கட்டும். எனக்கு ஒண்ணுமே தோணலை குரு. மண்ணை எடுத்தா கை மரத்துப் போகுது."

"தோணலைன்னா விடு. அப்பளம் இன்னொண்ணு பொரிக்கட்டுமா?"

சேதுராமன் யாக்கோப் தெருவுக்குத் திரும்பியபோது மணி நாலு. தெருவெல்லாம் வண்ணக் காகிதத் துணுக்குகள். ஊர்வலம் முடிந்து முகமூடிக்காரர்கள் பாடிக்கொண்டே போனார்கள். ஃப்ராவ் ஹூபனும் நாத்தனார் வீட்டிலிருந்து திரும்பியிருப்பார் என்று நினைத்தபடி மாடியேறினார். வீட்டுக் கதவின் மேல்பாதி கண்ணாடி. சாவியைப் போடக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

நடையில், கதவுக்கு எதிரே, சமையலறை நாற்காலி. அதில் ஃப்ராவ் ஹூபன். கனத்த கோட்டு, கழுத்து வரை பொத்தான் போட்டபடி. தலையில் தொப்பி, கார்னிவலுக்காக அதில் செருகிய ஒரு காகிதப் பூ. மடியில் கைப்பை. ஒரு கையில் உறை மாட்டியிருந்தது, மற்றக் கையுறை விரல்களுக்கிடையில். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். குதிகால் இரண்டும் தரையில் படவில்லை. உடம்பின் பாரம் முழுதும் கால்விரல்களில் நின்றது, யாராவது கதவைத் தொட்டால் எழுந்துவிடத் தயாராக. முகம் கதவைப் பார்க்கவில்லை. காதுதான் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது.

உட்கார்ந்தவரும் இல்லை, கிளம்பியவரும் இல்லை. குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஃப்ராவ் எஸ்ஸர் ஏன் கேட்டாள் என்பது சேதுராமனுக்கு அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றபோதுதான் புரிந்தது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. கண் மட்டும் அந்தக் குதிகாலை விட்டு நகர மறுத்தது.

கதவைத் திறந்தார். ஃப்ராவ் ஹூபன் எழுந்தேவிட்டார்.

"போகலாமா?" என்றார்.

"ஃப்ராவ் ஹூபன், ஊர்வலம் முடிஞ்சுடுச்சு."

"தெரியும். மேளம் கேட்டுது. போகும்போதும் கேட்டுது, வரும்போதும் கேட்டுது."

"நீங்க போயிருக்கலாமே!"

"க்ளைஷ்னு சொன்னீங்களே. நான் இறங்கிப் போனதும் நீங்க வந்து என்னைத் தேடினா?" அவர் தொப்பியைக் கழற்றினார். "மூணு வருஷமா க்ளைஷ், க்ளைஷ்னு சொல்றீங்க. ஒரு தடவையாவது நிஜமாகும்னு பாக்கறேன். சர்க்கரை ஆலைக்குப் போன அன்னிக்கு உங்களுக்கும் சேத்து சூப் வெச்சேன், தெரியுமா? ரெண்டு நாள் அதையேதான் குடிச்சேன்."

சேதுராமன் நின்ற இடத்திலேயே நின்று விளக்கினார். தங்கள் பக்கத்தில் போகிறேன் என்று சொல்லக் கூடாது, இறந்தவர்தான் போகிறவர், அதனால் கிளம்பும்போதும் வருகிறேன் என்றுதான் சொல்வது, அதற்கு நேரம் காலம் எதுவும் கிடையாது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

ஃப்ராவ் ஹூபன் கையுறையை உருவியபடியே யோசித்தார். "அப்போ உங்க ஊர்ல யாரும் போறதே இல்லையா?"

"போவாங்க. சொல்ல மாட்டாங்க."

"இதை வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த சூப் மிச்சமாகியிருக்கும்" என்றார் அந்த அம்மாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சேதுராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வில் தவறியவன், ஊருக்குத் திரும்ப வேண்டியவன் என்று தன்னையே எதிலும் கணக்கில் வைக்காமல் நடந்துகொண்டிருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல்லை முழுதாக நம்பி, கோட்டும் தொப்பியுமாக ஒருவர் ஊர்வலத்தை இழந்து உட்கார்ந்திருக்கிறார். காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

அன்று மாலையே மண்ணைப் பிசைந்தார். கை மரக்கவில்லை.

மறுபடி ஒரு தடவை அப்படி உட்கார்ந்து காட்ட முடியுமா என்று கேட்டதற்கு ஃப்ராவ் ஹூபன் ஒப்பவில்லை. "ஒரு தடவை உட்கார்ந்தது போதும்" என்றுவிட்டார். ஆகவே நினைவிலிருந்தே செய்தார். முதல் தொல்லை நாற்காலி. மண்ணால் செய்த மெல்லிய கால்கள் அம்மாளின் பாரத்தைத் தாங்கவில்லை. இரண்டு தடவை சரிந்தது. மூன்றாவது தடவை நாற்காலியையே விட்டுவிட்டார். கோட்டின் விளிம்பைத் தரை வரை இறக்கி, அந்தக் கோட்டே இருக்கையாகும்படி செய்தார். அதன் கீழிருந்து இரண்டு காலணிகள் மட்டும் நுனியில் நின்றன. சூளையில் வெடிக்காமல் இருக்க, அடியிலிருந்து மண்ணைக் குடைந்து எடுத்து, சுவரை எல்லா இடத்திலும் ஒரே கனமாக்கினார். அடுப்புக்குக் கிட்டவும் இல்லாமல் தள்ளியும் இல்லாமல், ஈரத்துணி போர்த்திக் காயவைத்தார்.

ஃப்ராவ் ஹூபன் தினமும் துணியை விலக்கிப் பார்ப்பார். பார்க்கவில்லை என்று சாதிப்பார்.

"நான் இவ்வளவு குண்டா?"

"கோட்டு கனம், ஃப்ராவ் ஹூபன்."

"மூக்கு என்னோடதுதான். அதைக் கொஞ்சம் குறைச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூக்கைக் குறைக்கவில்லை.

பதினெட்டாம் தேதிக்குள் அது காய்ந்தது, சுட நேரமில்லை. சுடாத மண் ஒரு தட்டுக்குத் தாங்காது. ஃப்ராவ் ஹூபன் தன் தொப்பிப் பெட்டியைக் காலி செய்து கொடுத்தார். பொம்மையைச் சுற்றி மரச்சீவலைத் திணித்து, ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குலுங்கலுக்கும் மூச்சைப் பிடித்தபடி போனார் சேதுராமன். பெட்டிக்குள் இருந்தது அவருடைய மார்ச் 31.

பட்டறையில் மற்ற இருவரின் பொம்மைகளும் ஏற்கெனவே மேசையில் இருந்தன. ஒன்று குதிரைவீரன், இன்னொன்று குழந்தையோடு தாய், இரண்டும் பளபளவென்று சுட்டு மெருகேற்றியவை. அவற்றின் பக்கத்தில் சாம்பல் நிறச் சுடாத மண்ணில் கோட்டு போட்ட ஓர் அம்மாளை வைத்தபோது அவருக்கே நம்பிக்கை போயிற்று.

ஃப்ராவ் எஸ்ஸர் வெகுநேரம் தொடவே இல்லை. குனிந்து காலணிகளைப் பார்த்தாள்.

"யாருக்காக உட்கார்ந்திருக்காங்க?"

"எனக்காக."

"நீங்க வந்தீங்களா?"

"வந்தேன். ரொம்ப லேட்டா."

"அது தெரியுது" என்றாள். "கோட்டுக்குள்ள வேர்த்திருப்பாங்க." பிறகு பொம்மையைத் தூக்கி அடியைப் பார்த்தாள், சுவரைச் சுண்டி ஓசை கேட்டாள். "இதுக்கு என்ன பேரு?"

சேதுராமன் அதை யோசித்திருக்கவில்லை. கேட்டவுடன் வாயில் வந்தது ஒன்றுதான். "க்ளைஷ்."

ஃப்ராவ் எஸ்ஸர் அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தாள். "அப்போ உடனே வாங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதி, காலை ஏழு மணி. இங்க ஏழுன்னா ஏழு."

அவள் எழுதித் தந்த வேலைக் கடிதத்தைப் பார்த்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதியை நீட்டித்துக் கொடுத்தார்கள். முத்திரை விழுந்த தாளைச் சேதுராமன் முதலில் காட்டியது ஃப்ராவ் ஹூபனிடம். தகப்பனாருக்கு நான்கு பக்கம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து நான்கே வரியில் பதில் வந்தது: உன் அம்மாவுக்கு ஒரு பொம்மை அனுப்பு, உடையாமல் கட்டி அனுப்பு, வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். அதைப் படித்து அவர் விசும்பி அழுதார் என்று குருமூர்த்தி பின்னாளில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்தான். அவரும் மறுக்கவில்லை.

அச்சு எடுத்துச் செய்த 'க்ளைஷ்' பொம்மைகள் கடைகளில் நன்றாகவே போயின. அச்சில் எடுக்காத அந்த முதல் பொம்மை, கோட்டு விளிம்பில் சூளை போட்ட ஒரு மயிரிழை விரிசலோடு, ஃப்ராவ் ஹூபனின் ஜன்னலுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு கார்னிவலுக்குச் சேதுராமன் காலை எட்டு மணிக்கே கோட்டு போட்டுக்கொண்டு நடையில் நின்றார். அந்த வருடம் தாமதம் செய்தது ஃப்ராவ் ஹூபன். ஊர்வல வண்டிகளிலிருந்து வீசிய மிட்டாயை இருவரும் பால்கனியில் நின்று பிடித்தார்கள். சேதுராமன் பிடித்ததைவிட அந்த அம்மாள் பிடித்தது அதிகம்.

1971-இல் படியேற முடியாமல் போனதும் ஃப்ராவ் ஹூபன் மொன்ஷாவ் என்ற மலையூரில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். மறு ஆண்டு சேதுராமன் ஊருக்குப் போய் மல்லிகாவைத் திருமணம் செய்து அழைத்து வந்தார். இருவரும் மாதம் ஒரு ஞாயிறு மொன்ஷாவ் பஸ் ஏறினார்கள். மல்லிகாவை முதல் தடவை பார்த்ததுமே, "உன் வீட்டுக்காரர் இதோ வந்துடறேன்னு சொன்னா உலையை வெச்சுடாதே" என்று ஃப்ராவ் ஹூபன் எச்சரித்தார். சேதுராமன்தான் அதைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட வாரங்களில் கடிதங்கள் வரும். உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. முழுக்க ஆட்கள்தான். 'பக்கத்து அறையில் ஒருவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார், வந்து பாருங்கள், செய்யலாம்.' 'தோட்டத்தில் இரண்டு சகோதரிகள், பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் ஒரே குடைக்குள் நடக்கிறார்கள். பாரம் யார் பக்கம் என்று கவனித்தேன்: குடையைப் பிடிக்காதவள் பக்கம்.' சேதுராமன் போய்ப் பார்ப்பார், செய்வார். பட்டறையில் அவர் பெயரில் வந்த உருவங்களில் ஒன்பது அப்படி வந்தவை. அவற்றின் அடியில் தன் பெயருக்குக் கீழே சிறியதாக ஃப்ராவ் ஹூபனின் பெயரையும் கீறி வைத்தார். ஃப்ராவ் எஸ்ஸர் ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தாள். இருக்கட்டும் என்றாள்.

கடைசிக் கடிதத்தில் எழுத்துகள் கோணலாக இருந்தன. காலையில் தேநீர் கொண்டுவரும் புதிய நர்ஸ் பெண்ணைப் பற்றி: தட்டைப் பிடித்தபடி நிற்கும்போது ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்துக்கொள்கிறாள், கொக்குப் போல; அவளுக்கே அது தெரியாது; யாரும் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் நிறுத்திவிடுவாள்; தட்டில் கோப்பை நிறைந்திருக்கும்போது மட்டும்தான் அப்படி நிற்கிறாள், இதை மறக்க வேண்டாம். அந்தப் பெண்ணைச் சேதுராமன் நிறைந்த கோப்பையோடுதான் செய்தார். கடிதம் வந்து சேர்ந்தது 1977 அக்டோபர் 11, ஃப்ராவ் ஹூபன் இறந்த மறுநாள்.